எண்ணெய் அள்ளிய கைகளை யார் பார்ப்பது?

2023 டிசம்பர் இரண்டாம் வாரம். மிக்ஜாம் புயல் போய்விட்டது. வடசென்னையில் வெள்ளம் இன்னும் முழுதாக வடியவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் ஃபைபர் படகுகளின் விளிம்பில் குந்தியபடி மீனவர்கள் பிளாஸ்டிக் குவளையால் எண்ணெய் மொண்டுகொண்டிருந்தார்கள். ஆற்றின் மேல் ஏடு கட்டி மிதந்த கறுப்பு எண்ணெய். மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். பலர் கையில் உறை இல்லை. முழங்கை வரை கறுப்பு, கழுத்தில் கறுப்பு, லுங்கியில் கறுப்பு. அந்தப் படங்களை நாடே பார்த்தது. எண்ணெயில் ஊறிய கூழைக்கடாக்களைப் பார்த்துப் பதறினோம். நாசமான வலைக்கும் படகுக்கும் என்ன ஈடு என்று விவாதித்தோம். குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. எண்ணெயை அள்ளிய கைகளின் தோலுக்கு இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்ற பேச்சு மட்டும் அந்த விவாதத்தில் பெரிதாக எழவேயில்லை.

உலகத்தில் அலையோடு வாழ்பவர்கள் இரண்டு வகை. விளையாட்டுக்காக அலையேறுகிறவர்கள் ஒரு வகை. சோற்றுக்காக அலையேறுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரின் தோலைப் பற்றி மருத்துவ உலகம் நிறைய அறிந்து வைத்திருக்கிறது. அவர்களுக்கென்று ஆய்வுகள் உண்டு, எச்சரிக்கைகள் உண்டு, ஆண்டுக்கொருமுறை உடம்பு முழுக்கப் பார்க்கும் மருத்துவர்கள் உண்டு. இரண்டாம் வகையினரில் பெரும்பாலோர் நெட்டுக்குப்பம் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே இருக்கிறது நெட்டுக்குப்பம். பக்கத்தில் தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர் குப்பம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும். தென்மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலைகள். கிழக்கே வங்கக்கடல். இந்த ஊர்க்காரர்கள் ஆற்றிலும் தொழில் செய்கிறார்கள், கடலிலும் தொழில் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் வரும் எதுவும் முதலில் அவர்கள் உடம்பில்தான் படுகிறது.

அலையில் பழகிய உடம்பு

சென்னைக்குத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இந்தக் கரையில் எந்தக் கப்பலும் வந்து ஒட்டவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவில் விடாமல் உடையும் அலை வரிசைகள். வெள்ளைக்காரர்களின் பலகைப் படகுகள் அந்த அலையில் அடிபட்டுச் சிதறின. அதைத் தாண்டத் தெரிந்தவை இரண்டுதான்: ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகும், நம் கட்டுமரமும். கவர்னர் வந்தாலும் சரி, கவர்னருக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தாலும் சரி, இந்தக் கரையின் மீனவர்தான் அலையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கட்டுமரக்காரர்கள் கடிதங்களை நனையாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள். மசூலாப் படகு கவிழ்ந்தால் பயணிகளைக் காப்பாற்ற அவர்களே பக்கத்தில் மிதந்தபடி வந்தார்கள். உயிர்களைக் காப்பாற்றியதற்காகப் பதக்கங்களும் வாங்கினார்கள். பெரிய அலையில் உயிரைப் பணயம் வைப்பதை உலகம் இன்று சாகச விளையாட்டு என்று கொண்டாடுகிறது. மதராஸ் கரையில் அது தினக்கூலி வேலையாக நடந்தது.

பிறகு துறைமுகம் வந்தது. 1881 நவம்பர் புயல் கட்டியதைப் பெருமளவு சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். துறைமுகத்தின் தடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதும் ஒரு விஷயம் மாறியது. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்கும் நமக்குத் தோன்றுவதில்லை, ஆனால் அந்த மணல் வடசென்னைக்காரர்களின் கரைக்கு வராமல் போன மணல். எண்ணூர் விரைவுச் சாலையோரம் இன்று கரை என்று இருப்பது பெரும்பாலும் கருங்கல் அணை. படகை இழுத்து நிறுத்த மணல் இல்லாத இடங்களில் மீனவர்கள் கல் இடுக்குகளில் தாவி ஏறி இறங்குகிறார்கள். காலில் வெட்டுக்காயம் படாத மீனவர் அங்கே அபூர்வம். இந்தக் காலைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

இங்கே படகு விடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரையில் நின்று அலைகளின் வரிசையைப் பார்ப்பார்கள். மூன்று நான்கு பெரிய அலை அடுத்தடுத்து வரும். பிறகு சற்றுத் தணியும். அந்த இடைவெளியில் எஞ்சினைக் கிளப்பிப் படகின் முகத்தை அலைக்கு நேராகப் பிடித்து ஓட்ட வேண்டும். சற்றுப் பக்கவாட்டில் திரும்பினாலும் கவிழ்த்துவிடும். திரும்பி வரும்போது அலையின் முதுகில் ஏறி அதன் வேகத்திலேயே கரைக்கு வர வேண்டும். ஹவாயின் வைமியா விரிகுடாவில் கிரெக் நோலும் அவருடைய நண்பர்களும் 1957-இல் ஏறிய அலைகள் இதைவிடப் பல மடங்கு உயரம். போர்ச்சுகலின் நசாரேயில் 2020 அக்டோபரில் ஜெர்மானியர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய அலை 86 அடி என்று அளந்தார்கள். உயரத்தில் நம் கடல் அவற்றோடு போட்டி போடாது. ஆனால் நசாரேயின் வீரர் அலை நன்றாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்துக் கடலில் இறங்குகிறார். நெட்டுக்குப்பத்து ஆள் வீட்டில் அரிசி இல்லாத நாளில் இறங்குகிறார். அறுபது வயதுவரை, சிலர் அதற்கு மேலும்.

தமிழ்நாட்டில் அலைச்சறுக்கு இப்போது ஒரு விளையாட்டாகவும் வளர்ந்துவிட்டது. தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கி வைத்த பயிற்சிப் பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகள் பலகையேறக் கற்றார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டிகளின் படங்களைக் கவனித்துப் பாருங்கள்: நிறைய முகங்களில் மூக்கிலும் கன்னத்திலும் திட்டாக ஜிங்க் களிம்பு இருக்கும். வெயில் தோலைச் சுட்டுவிடக் கூடாது என்று பூசுவது. அதே வெயிலில் அதே கடலில் பல மைல் வடக்கே வலையுதறும் மனிதரின் முகத்தில் அப்படி எதுவும் இருக்காது.

வெயில் வைக்கும் கணக்கு

தோல் புற்றுநோய்க்கும் கடலுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்ததே கடல் மனிதர்களின் தோலைப் பார்த்துத்தான். 1894-இல் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் பணியாற்றிய தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, ஆண்டுக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும் பட்ட மாலுமிகளின் முகத்திலும் கையிலும் தோல் தடித்து, வெடித்து, கடைசியில் புற்றாக மாறுவதை எழுதி வைத்தார். வெயில் புற்றுநோய் தரும் என்ற அறிவுக்கு அது ஆரம்பம்.

இன்று அந்த அறிவு முழுமையடைந்துவிட்டது. சூரியனின் புறஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் புகுந்து மரபணு இழையை நெளித்துவிடுகிறது. செல் அதைச் சரிசெய்கிறது. ஆயிரம் தடவை சரிசெய்து, ஆயிரத்தோராவது தடவை தவறவிடுகிறது. இருபது வயதில் பட்ட வெயிலுக்கு ஐம்பது, அறுபதில் விலை கேட்கும் நோய் இது. கடலில் இருப்பவருக்கு வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலர்ந்த கடற்கரை மணல் புறஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பியடிக்கிறது, கடல் நுரை சுமார் 25 சதவீதத்தை. அரை மீட்டர் ஆழத்துத் தண்ணீருக்குள்ளும் மேற்பரப்பில் இருக்கும் அளவில் 40 சதவீதம் வரை இறங்குகிறது.

ஆஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடும் என்று அந்த நாட்டு மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. வெள்ளைத் தோலும் வெப்பமண்டல வெயிலும் கடற்கரை வாழ்க்கையும் சேர்ந்த விளைவு. 1981-இலேயே ‘சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை’ என்று பாட்டுக் கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உல்வரின் படங்களில் நடித்த ஹக் ஜாக்மன் அந்த வெயிலில் வளர்ந்தவர்தான். 2013-இல் மூக்கில் புற்று கண்டுபிடித்து எடுத்தார்கள், பிறகும் பல தடவை எடுத்தார்கள். அங்கே வயதான அலைச்சறுக்கு வீரர் ஒருவரின் வாழ்க்கையில் தோல் மருத்துவரிடம் போவது பலகைக்கு மெழுகு தேய்ப்பதைப் போல வழக்கமான வேலை. பெரிய அலையில் முங்கினால் இரண்டு மூன்று அலை தலைக்குமேல் போகும்வரை மூச்சடக்கப் பழகியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களையும் காதோரத்தில் மிளகு அளவு புண் ஒன்று அறுவைச் சிகிச்சை மேசையில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது. அவர்களில் மிகப் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். சீக்கிரம் பார்த்துவிடுவதுதான் காரணம்.

கறுப்பின் காவலும் அதன் எல்லையும்

நமக்கு அதெல்லாம் வராது என்பது குப்பத்திலும் பேச்சு, நகரத்திலும் பேச்சு. அதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. மெலனின் என்ற நிறமி நம் தோல் செல்களின் கருவுக்கு மேல் குடையாகக் கவிழ்ந்து நிற்கிறது. 1970-களில் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள்: வெள்ளைத் தோலின் மேலடுக்கு இயல்பாகத் தரும் பாதுகாப்பு சுமார் 3 என்றால், கறுப்புத் தோலின் மேலடுக்கு தருவது சுமார் 13. இந்தியாவில் வரும் புற்றுநோய்கள் அனைத்திலும் தோல் புற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றே மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கறுப்பாகப் பிறந்ததற்காக நம் பிள்ளைகளைக் கிரீம் கடைக்கு இழுத்துப் போகும் சமூகம் இதைப் படிக்க வேண்டும். நம் முன்னோர் தோலில் எழுதிக் கொடுத்த சொத்து அது.

ஆனால் அந்தக் குடைக்கு எல்லை உண்டு. நிறமி குறைவாக இருக்கும் இடங்கள் நம் உடம்பிலும் உண்டு: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, உதடு. கறுப்புத் தோல் கொண்டவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய வகை வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை. பாப் மார்லியை நினைத்துப் பாருங்கள். 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா என்று தெரிந்தது. 1981 மே 11 அன்று, 36 வயதில் இறந்தார். கறுப்பர்களுக்குத் தோல் புற்று அரிது. வந்தால் பிந்தித் தெரிகிறது. பிந்தித் தெரிவதால் கொல்கிறது.

மீனவர் காலுக்கு வருகிறேன். கல்லில் வெட்டுப்பட்டு, கிளிஞ்சலில் கிழிந்து, சேற்றுப்புண்ணில் ஊறி, மறுபடி உப்புத் தண்ணீரில் இறங்கும் கால். அதில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தால் யார் கவனிப்பார்கள்? ஆண்டுக்கணக்கில் ஆறாத பழம்புண்ணிலும் தீக்காயத் தழும்பிலும் புற்று முளைப்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். கீழுதட்டுப் புற்றுக்கும் மீனவத் தொழிலுக்கும் உள்ள தொடர்பைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கண்ணின் வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி ஊரும் கோளாறுக்கு மேலைநாட்டில் அலைச்சறுக்கு வீரரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் குப்பங்களில் வயதான ஆண்களின் கண்ணை நிமிர்ந்து பார்த்தாலே அது தெரியும். அது புற்றல்ல. ஆனால் அந்தக் கண் எவ்வளவு வெயிலைத் தாங்கியது என்பதற்கு அது அத்தாட்சி. அல்பினிசத்தோடு பிறந்து, தோலில் நிறமியே இல்லாமல் கடற்கரையில் வளரும் குழந்தைகளுக்கோ நம் வெயில் நேரடி ஆபத்து. அவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் சிறு வயதிலிருந்தே கட்டாயம்.

வெயிலுக்கு மெலனின் உண்டு. எண்ணெய்க்கு எது?

புகைக்கரியிலிருந்து தொடங்கிய கதை

தொழிலால் வரும் புற்றுநோய் என்று உலகம் முதலில் அறிந்ததே தோலில்தான். 1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிக்குள் இறங்கித் துடைத்த ஏழைச் சிறுவர்கள் வளர்ந்த பிறகு அவர்களின் விதைப்பைத் தோலில் புற்று வருவதைக் கண்டார். கரி தோல் மடிப்பில் தங்கி, ஆண்டுகள் கழித்து வேலையைக் காட்டியது. லங்காஷயர் பஞ்சாலைகளில் இயந்திர எண்ணெய் தெறித்த நூற்பாளர்களுக்கும் அதே இடத்தில் அதே நோய் வந்தது. 1915-இல் ஜப்பானின் யமாகிவா கட்சுசபுரோவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைத் தடவித் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. கரியிலும் தாரிலும் கனமான எண்ணெயிலும் இருக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள்தான் குற்றவாளி என்று பின்னர் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் பென்சோபைரீன் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதர்களுக்குப் புற்று தருவது உறுதி என்ற முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெய்களும் அதே பட்டியலில்தான். கப்பலிலும் ஆலையிலும் எரிக்கும் ஃபர்னஸ் ஆயில் புற்று தரக்கூடும் என்ற பட்டியலில் இருக்கிறது. கச்சா எண்ணெயைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அதே முகமை எழுதியிருக்கிறது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயமுறுத்துவது என் நோக்கமல்ல.

சில நாள் எண்ணெய் அள்ளியவருக்கெல்லாம் புற்று வந்துவிடும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் எண்ணூரின் கணக்கு சில நாள் கணக்கல்ல. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் கசிவு பெரிதல்ல என்றார்கள். பிறகு எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் எண்ணெய் தார்க்குழம்பாக வந்து ஒதுங்கியது. அதை மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளியால் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து 2023 டிசம்பரில் மறுபடியும். அந்த முறை மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் ஆற்றில் இறங்கியது. அள்ளியவர்கள் மறுபடியும் அதே ஊர்க்காரர்கள். மேலெல்லாம் எரிச்சல், அரிப்பு, தலைசுற்றல் என்றார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரே மூச்சுத் திணறி ஓடியது.

இதற்கிடையில் அன்றாடம் நடப்பது இருக்கிறது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்புக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஆற்றில் கசிந்தன. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. குளிரூட்டப் பயன்பட்ட சூடான நீர் ஆற்றில் விழுகிறது. அந்த ஆற்றில் இருளர் பெண்களும் ஆண்களும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இரண்டு கைகள்தான் கருவி. எண்ணூரில் யாருடைய தோல் அதிகம் தாங்குகிறது என்று கேட்டால் முதலில் அவர்கள் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மருத்துவர்கள் அறிவார்கள். தாரும் கன எண்ணெயும் பட்ட தோலில் வெயில் பட்டால் காயம் கூடும். அந்த ஹைட்ரோகார்பன்கள் புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு இன்னும் மூர்க்கமாகின்றன. கரித்தார் வேலை பார்த்த தொழிலாளர்கள் வெயிலில் இறங்கினால் தோல் தீப்பற்றியதுபோல் எரியும் என்பது நூறாண்டுப் பழைய அறிவு. டிசம்பர் வெயிலில் எண்ணெய்க் கையோடு நாள் முழுக்கப் படகில் உட்கார்ந்திருந்த நெட்டுக்குப்பத்து மீனவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. வேலை முடிந்து மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவுவது நம் ஊர் வழக்கம். அது தோலின் மிச்சக் காவலையும் உரித்துவிடும்.

மற்ற நாடுகள் வைத்த பட்டியல்

ஸ்பெயினின் கலீசியாக் கரையில் 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் கப்பல் உடைந்தது. எண்ணெயை அள்ளியவர்களில் உள்ளூர் மீனவர்கள் ஏராளம். இரண்டு வருடம் கழித்து மருத்துவர்கள் அவர்களைத் தேடிப்போய்ப் பரிசோதித்தார்கள். சுவாசக் கோளாறும் ரத்த செல்களின் குரோமோசோம்களில் சிதைவும் அள்ளாதவர்களைவிட அதிகம் என்று கண்டார்கள். தென்கொரியாவின் டேயான் கரையில் 2007 டிசம்பரில் ஹெபேய் ஸ்பிரிட் கசிந்தது. அந்த ஊர் மக்களைத் தொடர்ந்து கவனிக்கவே ஒரு சுற்றுச்சூழல் சுகாதார மையம் அமைத்தார்கள். மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்த பிறகு அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் சுமார் 33,000 பேரைப் பதிவு செய்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்கிறது.

இந்த மூன்று இடத்திலும் முதலில் செய்தது ஒரே காரியம். யார் யார் அள்ளினார்கள் என்று பெயர் எழுதினார்கள். நோய் வந்த பிறகு நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வி அதுதானே: நீ அங்கே இருந்தாய் என்பதற்கு என்ன சாட்சி? இருபது வருடம் கழித்து நெட்டுக்குப்பத்து மனிதர் ஒருவரின் கைப்புண்ணைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கு, இந்தக் கை 2017-இலும் 2023-இலும் எண்ணெயில் முங்கியது என்பதை எந்தக் காகிதம் சொல்லும்?

சென்னை இதைச் செய்யத் தெரியாத ஊர் அல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி, டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980-களின் தொடக்கத்திலிருந்து இந்த நகரத்தின் புற்றுநோயாளிகளைப் பதிந்து வருகிறது. நாட்டிலேயே பழைய பதிவேடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது நோய் வந்தவர்களின் பதிவு. எண்ணூருக்கு வேண்டியது நோய் வருமுன் எழுதும் பதிவு. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இந்திய அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. நாடு முழுக்கத் தோலையும் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை; இந்தியாவுக்கு அது அவசியமும் இல்லை. எண்ணெய் அள்ளிய சில குப்பங்களுக்கு மட்டும் சேர்க்கச் சொல்கிறேன்.

பெரிய செலவு எதுவும் இல்லை. 2017-இலும் 2023-இலும் எண்ணெய் அள்ளிய ஒவ்வொருவரின் பெயரும், அள்ளிய நாட்களும் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து கூட்டி வந்த தொழிலாளர்களையும் இருளர் குடும்பங்களையும் விடக் கூடாது. கை, கால், முகம், உதடு, நகங்களை ஒருமுறை படம் எடுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் தோல் மருத்துவர் ஒருவர் குப்பத்துக்கே வந்து பார்க்க வேண்டும், இருபது முப்பது வருடத்துக்கு. செலவை எண்ணெய் நிறுவனங்களும் துறைமுகமும் ஏற்கட்டும்; பதிவேடு மட்டும் அரசின் கையில் இருக்கட்டும். அடுத்த பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு குப்பத்திலும் நைட்ரில் கையுறை, முட்டியளவு பூட்ஸ், முழுக்கைச் சட்டை, முகக்கவசம் அடுக்கிய ஒரு அறை வேண்டும். கசிவு நடந்த பிறகு லாரியில் கையுறை வருவதற்குள் கைகள் கறுத்துவிடுகின்றன. இதை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். அடிப்படையில், எண்ணெய் அள்ளுவது மீனவர் வேலையே அல்ல. கொட்டியவர்கள் பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து அள்ள வேண்டும். வேறு வழியில்லாமல் தன் ஆற்றைத் தானே காப்பாற்ற இறங்கியவரை நாம் கூலியாளாகக் கருதியது பெரிய தவறு.

சீக்கிரம் பார்த்தால் இந்த நோய் பெரும்பாலும் குணமாகும் நோய். மூக்கிலும் காதிலும் உதட்டிலும் வரும் சாதாரண வகைகளைச் சிறு அறுவைச் சிகிச்சையிலேயே எடுத்துவிடலாம். மெலனோமா பரவிய பிறகும் வழி திறந்திருக்கிறது: 2015-இல் ஈரலுக்கும் மூளைக்கும் பரவிய மெலனோமாவோடு இருந்த அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்தால் மீண்டு 2024 டிசம்பரில் நூறு வயதில் காலமானார். அந்த மருந்துகளின் விலை குப்பத்துக் குடும்பத்துக்கு எட்டாதது. அதனால்தான் நமக்கு முதலிலேயே பார்ப்பது இன்னும் முக்கியம்.

இதைப் படிக்கும் கடல் தொழிலாளிகளுக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின், தாத்தாவின் உள்ளங்காலை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். விரலிடுக்கு, நகத்தடி, கீழுதடு, காது மடல், புறங்கை. நான்கு வாரம் தாண்டியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் மரு, ஓரம் நெளிந்து நிறம் மாறி வளரும் மச்சம், அடிபடாமலே நகத்தடியில் வந்த கறுப்புக் கோடு இருந்தால் மருந்துக்கடைக் களிம்போடு நிறுத்தாதீர்கள். பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். எந்த வருடம் எண்ணெய் அள்ளினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அங்கே புறநோயாளியாகப் பார்க்கப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.